"சிறியதாக நினையுங்கள்": ஃபோக்ஸ்வாகன் அச்சு விளம்பரங்கள் – ஒரு மதிப்பீடு

"சிறியதாக நினையுங்கள்" என்பது ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் பீட்டில் காருக்காக 1959ஆம் ஆண்டு அமெரிக்கப் பத்திரிகைகளில் தொடங்கிய விளம்பர வரிசையில் மிகவும் புகழ்பெற்ற விளம்பரத்தின் தலைப்பு ஆகும். நியூயார்க் நகரைச் சேர்ந்த டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் இதனை உருவாக்கியது. வாசகத்தை எழுதியவர் ஜூலியன் கோனிக். பக்கத்தை வடிவமைத்த கலை இயக்குநர் ஹெல்முட் குரோன். இருவரையும் வழிநடத்தியவர் வில்லியம் பெர்ன்பாக். "அட்வர்டைசிங் ஏஜ்" என்ற அமெரிக்க இதழ் 1999இல் 20ஆம் நூற்றாண்டின் சிறந்த 100 விளம்பர வரிசைகளைத் தேர்ந்தெடுத்தபோது இதற்கே முதலிடம் அளித்தது.

அச்சு விளம்பரத்தின் ஆயுள் பொதுவாக ஒரு நாள் அல்லது ஒரு வாரம். மறுநாள் அந்தத் தாள் பொட்டலம் மடிக்கப் போய்விடும். அப்படியிருக்க, இந்த விளம்பரம் 60 ஆண்டுகளுக்குப் பிறகும் பாடமாகப் படிக்கப்படுவது ஏன் என்ற கேள்விக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விடை "நேர்மை" என்பதாகும். பொருளின் குறையை மறைக்காமல் சொன்னதால் மக்கள் நம்பினர் என்பது அந்த விடையின் சாரம். இது பாதி உண்மை. எந்தக் குறை சொல்லப்பட்டது, எது சொல்லப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவ்விளம்பரங்களின் திறனும் எல்லையும் விளங்கும்.

பின்னணி

பீட்டில் காரின் பிறப்பு விளம்பரத்திற்கு உகந்த கதை அன்று. இட்லரின் ஆட்சியில் "மக்கள் கார்" திட்டமாக ஃபெர்டினாண்ட் போர்ஷே இதனை வடிவமைத்தார். 1938இல் இதற்கான தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. வாரந்தோறும் 5 மார்க் சேமித்தால் கார் கிடைக்கும் என்று சொல்லி 3 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பணம் பெறப்பட்டது. போர் மூண்டதால் அத்திட்டத்தின் கீழ் ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. போர்க்காலத்தில் அத்தொழிற்சாலை கட்டாய உழைப்பாளிகளைக் கொண்டு இராணுவ வண்டிகளைச் செய்தது. 1945க்குப் பின் பிரித்தானிய இராணுவ அதிகாரியான ஐவன் ஹர்ஸ்ட் அதனை மீண்டும் இயங்கச் செய்தார். 1948 முதல் ஹைன்ரிக் நோர்டாஃப் தலைமையில் நிறுவனம் வளர்ந்தது.

டாயில் டேன் பெர்ன்பாக் 1949இல் தொடங்கப்பட்ட சிறிய நிறுவனம். பெர்ன்பாக் யூதர். போர் முடிந்து பதினைந்து ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், யூதர்கள் நடத்திய ஒரு நிறுவனம் இந்தக் காரை அமெரிக்கர்களுக்கு விற்க ஒப்புக்கொண்டது. அந்நிறுவனத்திற்குள்ளேயே இதில் தயக்கம் இருந்தது.

அன்றைய கார் விளம்பரங்களின் போக்கையும் மனத்தில் கொள்ள வேண்டும். டெட்ராய்ட் நகர நிறுவனங்கள் நீண்ட, அகன்ற, வால் இறக்கைகள் கொண்ட கார்களைச் செய்து வந்தன. விளம்பரங்களில் புகைப்படங்களைவிட ஓவியங்களே மிகுதி. ஓவியர்கள் காரை உள்ளதைவிட நீளமாகவும் தாழ்வாகவும் வரைந்தனர். பின்னணியில் மாளிகை, கடற்கரை, மாலை உடையில் தம்பதியர். காரை வாங்கினால் அந்த வாழ்க்கையும் உடன் வரும் என்பதே அவற்றின் சொல்லாத வாக்குறுதி.

1959 இலையுதிர் காலத்தில் அந்நிறுவனங்களே கோர்வேர், ஃபால்கன், வேலியன்ட் எனச் சிறிய கார்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. அதுவரை பெரிய விளம்பரம் இல்லாமலேயே விற்றுவந்த பீட்டிலுக்கு அப்போதுதான் விளம்பரம் தேவைப்பட்டது. ஃபோக்ஸ்வாகனின் அமெரிக்கக் கிளைத் தலைவர் கார்ல் ஹான் பல விளம்பர நிறுவனங்களைப் பார்த்தபின் டாயில் டேன் பெர்ன்பாக்கைத் தேர்ந்தெடுத்தார்.

பக்கத்தின் அமைப்பு

"சிறியதாக நினையுங்கள்" விளம்பரத்தின் முதல் வலிமை அதன் வெற்றிடம். முழுப் பக்கத்திற்குப் பணம் கொடுத்துவிட்டு அதில் பெரும்பகுதியை வெள்ளையாக விட்டிருக்கிறார்கள். மேல் இடது பக்கத்தில், சற்றுச் சாய்வாக, ஒரு சிறிய கார். கருப்பு வெள்ளைப் படம். பின்னணி இல்லை, மனிதர் இல்லை, மாளிகை இல்லை. கீழே சிறிய தலைப்பு. அதற்கும் கீழே மூன்று பத்திகளில் வாசகம்.

வண்ணப் பக்கங்கள் நிறைந்த இதழைப் புரட்டுபவரின் கண் இந்த வெற்றிடத்தில் நின்றுவிடும். எல்லோரும் உரக்கப் பேசும் சந்தையில் ஒருவர் மட்டும் தாழ்ந்த குரலில் பேசினால் காது அவர் பக்கம் திரும்புவது போன்றது இது. ஆனால் வெற்றிடம் கவனத்தை ஈர்ப்பதற்கு மட்டும் வைக்கப்பட்டதன்று. தலைப்பின் பொருளைப் படமே செய்து காட்டுகிறது. "சிறியது" என்ற சொல்லைப் படிக்கும் முன்பே கண் சிறியதைக் கண்டுவிடுகிறது. படத்தை நீக்கினால் தலைப்புக்குப் பொருள் குறையும். தலைப்பை நீக்கினால் படம் அச்சுப் பிழைபோல் தோன்றும்.

இந்த இணைப்புக்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. அதற்கு முன் பல விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதுபவர் தட்டச்சு செய்த தாளை ஓவியப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார். அவர்கள் அதற்கேற்பப் படம் போடுவார்கள். பெர்ன்பாக் எழுத்தாளரையும் கலை இயக்குநரையும் ஒரே அறையில் சேர்த்து உட்காரவைத்தார். இன்று உலகம் முழுவதும் வழக்கமாகிவிட்ட இம்முறை அன்று புதியது.

மேலே பெரிய படம், கீழே தலைப்பு, அதன் கீழ் மூன்று பத்தி வாசகம் என்பது இவ்வரிசையின் வழக்கமான அமைப்பு. இது குரோனின் கண்டுபிடிப்பன்று; பழைய, சலித்துப்போன அமைப்பு. அவர் அதில் மூன்று சிறு மாற்றங்களைச் செய்தார். எழுத்துருவை அலங்காரமற்றதாக்கினார். தலைப்பின் முடிவில் முற்றுப்புள்ளி வைத்தார். பத்திகளின் கடைசி வரிகளை நிரப்பாமல் அரைகுறையாகவே விட்டார். முற்றுப்புள்ளி சிறிய செய்தி போலத் தோன்றலாம். வியப்புக்குறி கூவி அழைக்கும். முற்றுப்புள்ளியோ சொல்ல வேண்டியதைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். பழகிய சட்டத்திற்குள் புதிய குரல் ஒலித்ததால்தான் அந்தப் புதுமை எளிதாகப் புலப்பட்டது.

வாசகத்தின் போக்கு

விளம்பரத்தின் வாசகம் தற்பெருமையில் தொடங்கவில்லை. இந்தச் சிறிய கார் இப்போது யாருக்கும் புதுமையாக இல்லை என்று தொடங்குகிறது. கல்லூரி மாணவர்கள் கூட்டமாக அதற்குள் நுழைந்து பார்ப்பதில்லை. பெட்ரோல் நிலையத்தில் இருப்பவர் எரிபொருளை எங்கே ஊற்றுவது என்று கேட்பதில்லை. மக்கள் அந்தக் காரைப் பார்த்துச் சிரித்த காலத்தை விளம்பரமே முன்வந்து நினைவூட்டுகிறது. பிறர் கேலி செய்வதற்கு முன் தானே சொல்லிவிட்டால் கேலியின் முனை மழுங்கிவிடும்.

அதன்பின் எண்கள் வருகின்றன. ஒரு கேலனுக்கு 32 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 13.6 கிலோமீட்டர். இன்ஜின் எண்ணெய் ஐந்து பைன்ட் போதும். மற்றவற்றுக்கு அதைப்போல் இருமடங்கு. காற்றால் குளிரும் இன்ஜின் ஆதலால் குளிர்காலத்தில் உறைதடுப்புத் திரவம் தேவையில்லை. ஒரு தொகுதி டயர்கள் 40,000 மைல் ஓடும். இவற்றையும் வாசகம் பெருமையாக அடுக்கவில்லை. பழகிவிட்டவர்கள் இவற்றைப் பெரிதாகவே நினைப்பதில்லை என்று, போகிறபோக்கில் சொல்வதுபோல் சொல்கிறது.

இறுதியில் தலைப்புச் சொல் திரும்ப வருகிறது. சிறிய இடத்தில் வண்டியை நிறுத்தும்போது, சிறிய காப்பீட்டுத் தொகையைக் கட்டும்போது, சிறிய பழுதுக் கட்டணத்தைக் கொடுக்கும்போது மட்டும் அந்தச் சிறுமை நினைவுக்கு வருமாம். "சிறியது" என்ற சொல் தொடக்கத்தில் குறையாக இருந்து முடிவில் இலாபமாக மாறிவிடுகிறது. ஒரே சொல்லின் மதிப்பு இருநூறு சொற்களுக்குள் தலைகீழாவதே இவ்வாசகத்தின் உண்மையான சாதனை. "பெரிதாக நினை" என்று ஊக்குவிப்பது அமெரிக்கப் பேச்சு வழக்கு. அதைத் திருப்பிப் போட்ட தலைப்பு வாசகரைச் சற்றே சீண்டுகிறது. சீண்டப்பட்டவர் காரணம் அறியப் படிக்கிறார்.

"எலுமிச்சை"

1960இல் வந்த மற்றொரு விளம்பரத்தின் தலைப்பு ஒரே சொல்: "எலுமிச்சை." மேலே ஒரு பீட்டில் காரின் படம். அமெரிக்க ஆங்கிலத்தில், வாங்கியபின் ஓயாமல் பழுதாகும் காரை எலுமிச்சை என்பார்கள். தன் பொருளைத் தானே "ஓட்டை வண்டி" என்று அழைக்கும் விளம்பரத்தை அதற்கு முன் வாசகர்கள் கண்டதில்லை.

இந்தத் தலைப்பு மொழிபெயர்ப்புக்கு இடம் கொடுக்காது. தமிழ்நாட்டில் புது வண்டி வாங்கினால் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் தெருவில் எடுப்பார்கள். காரின் கீழே "எலுமிச்சை" என்று அச்சிட்டால் இங்கே அது பூசை போட்ட வண்டியை நினைவூட்டும், பழுதை அன்று. சிறந்த விளம்பரம் எங்கும் செல்லும் என்ற கருத்தை இந்த ஒரு சொல்லே மறுக்கிறது. நினைவில் நிற்கும் விளம்பரம் ஒரு மொழியின், ஓர் ஊரின் பேச்சுக்குள் வேர் கொண்டிருக்கும்.

படத்தில் உள்ள காரில் எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரிவதில்லை. தலைப்பு ஒன்று சொல்கிறது. படம் வேறொன்றைக் காட்டுகிறது. அந்த முரண்பாட்டைத் தீர்த்துக்கொள்ள வாசகர் கீழே இறங்கிப் படித்தாக வேண்டும். உள்ளே விடை இருக்கிறது. முன்பலகையில் உள்ள பெட்டியின் குரோமியப் பட்டையில் சிறு மாசு. அதனால் அந்தக் கார் ஆய்வாளரால் ஒதுக்கப்பட்டது. வோல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலையில் ஆய்வுக்கென்றே 3,389 பேர் இருக்கிறார்கள். நாளொன்றுக்கு உருவாகும் கார்களோ 3,000. சோதனை மேடையில் 189 அம்சங்கள் சரிபார்க்கப்படுகின்றன. ஐம்பதில் ஒரு கார் தள்ளப்படுகிறது. தள்ளுபடிகளை நாங்கள் பொறுக்கிக்கொள்கிறோம், நல்லவை உங்களுக்கு என்ற பொருளில் விளம்பரம் முடிகிறது.

இங்கே ஒப்புக்கொள்ளப்பட்ட குறை எது என்று நின்று பார்க்க வேண்டும். அது விற்பனைக்கு வராத காரின் குறை. அதுவும் ஓட்டத்தோடு தொடர்பில்லாத, அழகு சார்ந்த குறை. குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் தொடங்கும் பேச்சு நற்சான்றிதழாக முடிகிறது. இதனைப் பொய் என்று சொல்ல முடியாது. நேர்மை என்று முழுமையாகச் சொல்லவும் முடியாது. நேர்மையின் தொனியை மிகத் திறமையாகக் கையாண்ட வாதம் என்பதே பொருத்தம்.

இரண்டு ஒப்பீடுகள்

ரோல்ஸ் ராய்ஸ் காருக்காக டேவிட் ஓகில்வி 1958இல் எழுதிய விளம்பரம் இதற்கு நேர் எதிரான வழியில் செல்கிறது. மணிக்கு 60 மைல் வேகத்தில் இந்தக் காரில் கேட்கும் மிகப் பெரிய ஓசை மின்கடிகாரத்தின் ஓசைதான் என்பது அதன் தலைப்பு. ஓகில்வி மூன்று வாரங்கள் அந்தக் காரைப் பற்றிய குறிப்புகளைப் படித்தார். தலைப்பின் கருத்தை ஒரு மோட்டார் இதழின் மதிப்புரையிலிருந்து எடுத்தார். 1933இல் பியர்ஸ் ஏரோ என்ற காரின் விளம்பரமும் ஏறத்தாழ இதையே சொல்லியிருந்தது. ஆகவே கருத்தின் முதன்மையில் இந்த விளம்பரத்தின் சிறப்பு இல்லை. "மிக அமைதியான கார்" என்ற வெற்றுப் புகழ்ச்சியைக் காதால் கேட்கக்கூடிய ஒன்றாக மாற்றியதில் இருக்கிறது. தலைப்பின் கீழே எண்ணிட்ட பத்திகளில் நீண்ட வாசகம். பொருத்துவதற்கு முன் ஒவ்வோர் இன்ஜினும் ஏழு மணி நேரம் முழு வேகத்தில் ஓட்டப்படுவது, அச்சின் ஓசையை இதயமானி வைத்துக் கேட்பது போன்ற செய்திகள் அதில் உள்ளன. விலை உயர்ந்த பொருளை வாங்குபவர் விவரம் கேட்பார் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது அது.

ஏவிஸ் வாடகைக் கார் நிறுவனத்தின் விளம்பரம் 1962இல் தொடங்கியது. இதுவும் டாயில் டேன் பெர்ன்பாக் உருவாக்கியதே. வாசகத்தை எழுதியவர் பாலா கிரீன். "நாங்கள் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறோம், ஆகவே கூடுதலாக உழைக்கிறோம்" என்பது அதன் கருத்து. ஹெர்ட்ஸ் நிறுவனம் முதலிடத்தில் இருந்தது. அழுக்கான சாம்பல் கிண்ணம் உள்ள வண்டியைத் தரும் வசதி எங்களுக்கு இல்லை, எங்கள் கவுண்டரில் வரிசையும் சிறியது என்று அது சொன்னது.

இந்த மூன்றையும் அருகருகே வைத்தால் ஒரு வேறுபாடு புலப்படும். ஏவிஸ் வாடிக்கையாளர் வண்டியில் ஏறியவுடன் சாம்பல் கிண்ணத்தைத் திறந்து பார்த்துவிடலாம். அழுக்கு இருந்தால் விளம்பரம் பொய். அந்த வாக்கு ஊழியர்களையும் கட்டுப்படுத்தியது. ரோல்ஸ் ராய்ஸ் வாங்குபவர் கடிகாரத்தின் ஓசையைத் தாமே கேட்கலாம். பீட்டில் வாங்குபவர் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் பார்க்கலாம். ஆனால் வோல்ஃப்ஸ்பர்க்கில் ஐம்பதில் ஒன்று உண்மையிலேயே தள்ளப்படுகிறதா என்பதை எந்த வாசகரும் சரிபார்க்க முடியாது. வாசகரால் சோதிக்க முடிகிற கூற்றும், நம்பித்தான் ஆக வேண்டிய கூற்றும் இவ்விளம்பரங்களில் ஒரே குரலில் பேசுகின்றன. முதல் வகை ஈட்டித்தந்த நம்பிக்கையை இரண்டாம் வகை செலவழிக்கிறது.

சொல்லப்படாதவை

பீட்டில் விளம்பரங்கள் காரின் தோற்றத்தைக் கேலி செய்துகொண்டன. வேகக் குறைவையும் சிற்றுருவையும் ஒப்புக்கொண்டன. காரின் வரலாற்றைப் பற்றி அவை பேசவில்லை. கட்டாய உழைப்பின் நிழல் படிந்த அதே வோல்ஃப்ஸ்பர்க், "எலுமிச்சை" விளம்பரத்தில் கண்டிப்பான ஆய்வாளர்களின் ஊராக மட்டும் தோன்றுகிறது. ஒரு விளம்பரம் தன் பொருளின் முழு வரலாற்றையும் சொல்லக் கடமைப்பட்டதன்று என்று வாதிடலாம். எனினும் நேர்மைக்காகப் புகழப்படும் விளம்பரத்தை மதிப்பிடும்போது இந்த மௌனத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பாதுகாப்பு பற்றிய மௌனம் இதைவிட நடைமுறை சார்ந்தது. அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்பு குறித்த விழிப்பு 1965இல் ரால்ஃப் நேடரின் நூலுக்குப் பின் பரவியது. அவர் தொடர்புடைய வாகனப் பாதுகாப்பு மையம் 1972இல் பீட்டிலின் வடிவமைப்பிலுள்ள ஆபத்துகளை விரிவாக விமர்சித்து நூல் வெளியிட்டது. அதன் தலைப்பில் "சிறியது" என்ற அதே சொல்லைக் காருக்கு எதிராகத் திருப்பினர்: பாதுகாப்பில் சிறியது. குரோமியப் பட்டையின் மாசைப் பற்றி ஒரு பக்கம் பேசிய விளம்பர வரிசை, மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைத் தொடவில்லை. சிறு குறையை ஒப்புக்கொள்பவர் பெரிய குறை இருந்தாலும் சொல்லிவிடுவார் என்று கேட்பவர் எண்ணுவது இயல்பு. இவ்விளம்பரங்களின் வசீகரம் அந்த இயல்பில்தான் தங்கியிருக்கிறது.

விற்பனையும் விளம்பரமும்

பீட்டிலின் வெற்றி முழுவதையும் விளம்பரத்தின் கணக்கில் எழுதுவது பிழை. 1949இல் அமெரிக்காவில் விற்றவை இரண்டே கார்கள். 1950களின் பிற்பகுதியிலேயே, இந்த விளம்பரங்கள் தொடங்கும் முன்பே, அது அங்கு மிகுதியாக விற்கும் இறக்குமதிக் காராக இருந்தது. மலிவான விலை, எளிய இயந்திரம், உதிரி உறுப்புகளும் பழுது பார்க்கும் வசதியும் எங்கும் கிடைத்தமை ஆகியவை அதற்குக் காரணங்கள்.

விளம்பரத்தின் பங்கு அடுத்த கட்டத்தில் தெரிகிறது. டெட்ராய்ட்டின் சிறிய கார்கள் வந்தபின் மற்ற இறக்குமதிக் கார்களின் விற்பனை சில ஆண்டுகள் சரிந்தது. பீட்டிலின் விற்பனை உயர்ந்தது. 1968இல் அமெரிக்காவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பீட்டில்கள் விற்றன. நல்ல பொருளுக்கு ஒரு குணத்தையும் குரலையும் தந்ததே விளம்பரத்தின் பணி. அந்தக் காரை ஓட்டுவது பணமின்மையின் அடையாளமாக இல்லாமல், பகட்டுக்கு மயங்காத அறிவின் அடையாளமாக மாறியது. மாளிகையும் கடற்கரையும் இல்லாமலேயே இந்த விளம்பரமும் ஒரு சுய பிம்பத்தை விற்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

மதிப்பீடு

இவ்விளம்பரங்கள் நினைவில் நிற்பதற்கான காரணங்களை நான்காகத் தொகுக்கலாம். ஒன்று, ஒரு பக்கத்திற்கு ஒரே கருத்து. இரண்டு, படமும் சொல்லும் ஒன்றையொன்று சார்ந்திருப்பது. மூன்று, வாசகர் தாமே முடிச்சை அவிழ்க்க இடம் தருவது. நான்கு, வாசகரை அறிவுள்ளவராக மதித்துப் பேசுவது. இந்த நான்கும் எழுத்தின் குணங்கள். நல்ல கட்டுரைக்கும் நல்ல பாடத்திற்கும் இவை பொருந்தும். ஆனால் இவற்றில் ஒன்றுகூட, சொல்லப்படும் செய்தி உண்மை என்பதற்கு உறுதி தருவதில்லை.

2015 செப்டம்பரில் இதற்குக் கசப்பான சான்று கிடைத்தது. ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில், சோதனை நடப்பதை உணர்ந்து அப்போது மட்டும் நச்சுப் புகையைக் குறைக்கும் மென்பொருளைப் பொருத்தியிருந்தது என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்தது. உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் கார்களில் அம்மென்பொருள் இருந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டது. அக்கார்களைத் "தூய டீசல்" என்று விளம்பரம் செய்ததற்காக 2016இல் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் வழக்குத் தொடர்ந்தது. 1960இன் விளம்பரம் எந்தச் சோதனை மேடையைத் தரத்தின் சாட்சியாகக் காட்டியதோ, அதே வகைச் சோதனை மேடையில்தான் பிற்காலக் கார்கள் வேடமிட்டன. வெளியே வரும் புகையை வாடிக்கையாளர் அளக்க முடியாது. அவர் நம்பியாக வேண்டிய இடத்தில்தான் ஏமாற்றப்பட்டார்.

அரை நூற்றாண்டுக்குப் பின் பிறர் செய்த தவறுக்குக் கோனிக்கும் குரோனும் பொறுப்பாளிகள் ஆகமாட்டார்கள். அவர்கள் எழுதிய பக்கங்கள் அச்சு விளம்பரத்தின் சிகரங்களாகவே நிற்கும். ஆயினும் அவற்றைப் பாடமாக வைக்கும்போது வாசகத்தின் அழகோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக் கற்பிப்பது நல்லது: இந்த விளம்பரம் ஒப்புக்கொள்ளும் குறை எது, அதன் பின்னால் கேட்கப்படாமல் நிற்கும் கேள்வி எது? அந்தக் கேள்வியோடு படிக்கும்போது "எலுமிச்சை" விளம்பரத்தின் திறமை இன்னும் தெளிவாகத் தெரியும். வாசகர் அதனால் மயங்கவும் மாட்டார்.